வெடிச் சத்தமும் வெள்ளைக் கொடியும்

பிற்பகல் மூன்று இருபதுக்கு எல்லாம் கெட்டுப்போக ஆரம்பித்தது. கியூர்பிப் நகர மைதானத்து ஒலிபெருக்கி, இன்று துப்பாக்கி கிடையாது, ஓட்டங்கள் உயர்த்திய கொடியை இறக்கித்தான் தொடங்கும் என்றது. சுதந்திரத்துக்கு முந்தைய அந்த வருடம் தெருக்களில் அடிதடி நடந்துகொண்டிருந்தது. கூட்டம் கூடும் இடத்தில் துப்பாக்கி வெடிக்கக் கூடாது என்று போலீஸ் தடுத்துவிட்டதாம்.

என் மகள் நூறு கஜ ஓட்டத்தின் இறுதிச் சுற்றில் இருந்தாள். முதல் இரண்டு பேர் எங்கள் தீவின் அணிக்குப் போவார்கள். தேர்வாகாவிட்டால் ஓட்டம் இதோடு முடிந்தது, அடுத்த மாதம் தட்டச்சு வகுப்பு என்று அவள் அப்பா சொல்லியிருந்தார்.

நான் பள்ளி ஆசிரியை. மாதக்கணக்கில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, மரக்கோலால் பிஸ்கட் தகரத்தில் அடித்தேன். அவள் தரையைப் பார்த்தபடி குனிந்திருப்பாள்; அடி விழுந்ததும் பாய்வாள். கண்ணால் பார்த்துக் கிளம்புவதைவிடக் காதால் கேட்டுக் கிளம்புவது சீக்கிரம் என்று அவளுடைய பயிற்சியாளர் சொன்னது சரிதான். தகரத்துக்கும் அவள் காலுக்கும் நடுவில் யோசனை என்று எதுவும் இல்லாமல் போயிற்று.

நான் படியிறங்கிப் போய், கொடி பிடித்திருந்தவரிடம், "விசிலாவது ஊதலாமே, மிஸ்யே?" என்று மரியாதையாகவே கேட்டேன்.

சர்க்கரை ஆலை அதிகாரி அவர். என் முகத்தைப் பார்க்கவேயில்லை. "எட்டுப் பொண்ணுங்க நிக்கறாங்க, மதாம். ஒருத்தியோட அம்மா மட்டும்தான் இங்க நிக்கறீங்க."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். தூறல் போட்டது. அவர் கொடியை உயர்த்தினார். என் பின்வரிசையில் யாரோ ஒருவன் சீன வெடி ஒன்றைக் கொளுத்திப் போட்டான். கொடி அசையவில்லை. என் மகள் மட்டும் பாய்ந்துவிட்டாள். பாதி மைதானம் தனியாக ஓடிய பிறகுதான் பக்கத்தில் யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஓடு மத்மசேல், பஸ் போவுது!" என்று ஒருவன் கிரியோலில் கத்தினான். படிக்கட்டு முழுக்கச் சிரித்தது.

நான் எழுந்து திரும்பினேன். "வெடி போட்டது யாரு? வெக்கமா இல்ல?"

தொப்பி வைத்த ஒரு ஆள், பிள்ளைகுட்டிக்காரன், கையை விரித்தான். "இடி இடிச்சா அதுக்கும் ஓடுவாளா உங்க பொண்ணு? கட்டிப் போட்டு வைங்க." அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அந்த முகங்களை இப்போது பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். மன்னிக்கிற எண்ணம் இன்றும் இல்லை.

இன்னொரு தடவை முந்தினால் வெளியே என்று அவளை எச்சரித்து மறுபடி நிறுத்தினார்கள். அவள் கழுத்தைத் தூக்கிக் கொடியையே பார்த்தாள். அப்படிப் பார்க்க அவளுக்கு நான் சொல்லித் தரவில்லை. தலை தூக்கியதில் இடுப்பு தாழ்ந்துவிட்டது. கொடி கீழே வந்தது. அதே கணத்தில் பின்வரிசையில் இன்னொரு வெடி.

ஏழு பேர் கிளம்பினார்கள். அவள் கிளம்பவில்லை. அவள் தோள் வெட்டி இழுத்ததை நான் பார்த்தேன். சத்தத்தை நம்பக் கூடாது என்று பல்லைக் கடித்து உடம்பை அடக்கிக்கொண்டாள். விரல்கள் சுண்ணாம்புக் கோட்டில் அப்படியே ஊன்றியிருந்தன. மற்றவர்கள் முடித்த பிறகும் குனிந்தே இருந்தாள்.

நான் படியிறங்கி ஓடினேன். கோட்டுக்கு நடுவில் போய் நின்று, "மறுபடி ஓட விடற வரைக்கும் நகர மாட்டேன்" என்றேன்.

"அம்மா, வாம்மா. எல்லாரும் பாக்கறாங்க," என்று அவள் என் புடவையை இழுத்தாள்.

"பாக்கட்டும்."

அடுத்த ஓட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள். கொடிக்காரர் தோளைக் குலுக்கித் தலைமை நடுவருக்கு ஆள் அனுப்பினார். அவர் தேநீர்க் கூடாரத்திலிருந்து குடையோடு மெதுவாக வந்தார். வெடியைப் பற்றி நான் மூச்சு வாங்கச் சொன்னதை எல்லாம் கேட்டார். பிறகு என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்துப் பேசினார்.

"முதல் வெடிக்கு ஓடின. ரெண்டாவது வெடிக்கு நின்ன. மத்த ஏழு பேரும் அதே வெடியைக் கேட்டுக்கிட்டுத்தான் கொடியைப் பார்த்தாங்க. அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போ."