எங்கள் வீட்டு ஃபயர்மேன்

என் வீட்டுக்காரர் திருவொற்றியூர்ப் பக்கம் ஓர் ஆலையில் பாய்லர் ஃபிட்டராக இருந்தார். உலகத்தில் இரண்டே ஜாதிதான் என்பது அவர் கட்சி: பாய்லர் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள். கல்யாணமாகி இராயபுரத்துக்கு வந்த நாளிலிருந்து நான் இரண்டாவது ஜாதி. வீட்டு பாய்லரைப் பதினோரு வருஷமாகத் தினம் மூட்டியவள் நான்தான் என்பது அந்தக் கணக்கில் சேராது.

அது குளியலறையில் இருந்த செம்பு பாய்லர். நடுக்குழாயில் விறகைப் போட்டால் சுற்றியிருக்கும் தண்ணீர் சுடும். மெட்ராஸ் வெயிலுக்கு வெந்நீர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். உடம்பில் அப்பிய கிரீஸ் வெந்நீருக்குத்தான் மசியும் என்பார். நாலு மணிக்கு அவர் செருப்புச் சத்தம் கேட்கும்போது தண்ணீர் தயாராக இருக்க வேண்டும். விறகு என்று வந்ததெல்லாம் துறைமுகத்தில் கழித்துப் போட்ட பெட்டிப் பலகை. உப்புத் தண்ணீரில் ஊறி, தாரும் பெயின்டும் பூசிக்கொண்டு வரும். அதற்கு எரிவதில் அக்கறை கிடையாது, புகைவதில்தான்.

எனக்கு இழுப்பு வந்தது அதனால்தான். வந்துவிட்டால் படுக்க முடியாது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். அடுத்த மூச்சு உள்ளே போகுமா என்று ஒவ்வொரு தடவையும் காத்திருக்க வேண்டும். செத்துப்போவேனோ என்று பயந்திருக்கிறேன், அதை ஒளித்துச் சொல்ல என்ன இருக்கிறது. கடைசியில் அவரே டாக்டரிடம் அழைத்துப்போனார். இந்த அம்மாவைப் புகைப் பக்கமே விடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். இவர் பலமாகத் தலையாட்டினார். டாக்டர் பேசியது என்னைப் பற்றி, இவர் காதில் விழுந்தது பாய்லரைப் பற்றி. ரிக்‌ஷா வீடு வந்து சேருமுன்னே திட்டம் தயாராகிவிட்டது.

நாலு ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. கொல்லையில் செங்கல் அடுப்புக் கட்டி, அதன் மேல் பழைய எண்ணெய் பீப்பாய் ஒன்றை ஏற்றினார். குளியலறையில் செம்பு பாய்லருக்கு மேடை போட்டு உயர்த்தினார். சுவரைக் குடைந்து இரண்டு குழாய்களால் இரண்டையும் இணைத்தார். பீப்பாயில் சுட்ட தண்ணீர் மேல்குழாய் வழியாக உள்ளே போகும், உள்ளேயிருக்கும் குளிர்ந்த தண்ணீர் கீழ்க்குழாய் வழியாக வெளியே வரும். பம்பு கிடையாது, தண்ணீரே நடந்து போய் வந்தது. பொய் சொல்லக் கூடாது, மூட்டில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. நல்ல வேலைக்காரர்தான்.

ஐந்தாவது ஞாயிறு பூஜை. புது இயந்திரமாயிற்றே, பீப்பாய்க்குச் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், பூமாலை எல்லாம் நடந்தது. எனக்குக் கல்யாணத்தில் போட்ட மாலை அவ்வளவு கனமில்லை. தெருவே வந்து பார்த்தது. அவருடைய தோஸ்து, அதே ஆலையில் அடுப்புக்குக் கரி தள்ளும் ஃபயர்மேன், தண்டையார்பேட்டையிலிருந்து வந்திருந்தார். அந்த பாய் பீப்பாயைச் சுற்றி வந்து, குழாயைத் தொட்டுப் பார்த்து, அடுப்பு வாயில் குனிந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் ஷோக்கா கீது நைனா. ஃபயர்மேனு யாரு?"

ஆலையில் ஒரு பாய்லருக்கு மூன்று ஷிஃப்ட்டுக்கு மூன்று ஃபயர்மேன்கள். ஃபிட்டர் குழாய் மாட்டுவார், திருகுவார், கை துடைத்துக்கொண்டு போய்விடுவார். நெருப்பு தானாக எரிகிறது என்பது ஃபிட்டர்களின் நம்பிக்கை. என் வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, என் பக்கம் கை காட்டினார்.

"அதான், அவ கீறாளே."

பாய் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். ஆலைப் புகையில் அவரும் எப்படி இருமுவார் என்று எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் மூன்று மணிக்கு நான் டூட்டியில் சேர்ந்தேன். உள்ளே இருந்தவரை காற்றைச் சுவராவது மறைத்தது. இங்கே கிழக்கிலிருந்து கடற்காற்று, அடுப்பு வாயோ வீட்டைப் பார்த்து மேற்கே. விறகு தள்ள உட்காருகிறவள் முகத்தில்தான் அத்தனை புகையும். வீடு சுத்தமாக இருந்தது. குளியலறையில் கரிப்பொட்டு இல்லை. என் இழுப்பு மட்டும் முன்னைவிடச் சீக்கிரம் வந்தது. அவரிடம் சொன்னேன். யோசித்து, புகைபோக்கியை இரண்டடி உயர்த்தினார். மறுபடி சொன்னேன், இன்னும் ஓரடி. அதற்கு மேல் கப்பலுக்கு விளக்குக் காட்டத்தான் உதவும்.

ஒருநாள் அவர் வரும்போது நான் கொல்லையில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் மூச்சு கிடைத்த வரைக்கும் சொன்னேன்.

"அடுப்பத் தூக்கி வெளிய வெச்ச. என்னியும் அது கூடவே வெளிய குந்த வெச்சுட்டியேய்யா."

அவர் என்னைத் தாங்கி உள்ளே கொண்டுபோய்ச் சாய்த்து உட்கார வைத்தார். பிறகு போய் அடுப்பு முன்னால் தானே உட்கார்ந்தார். உள்ளேயிருந்தே இருமல் கேட்டது. முதல் பலகைக்கு ஒன்று, இரண்டாவது பலகைக்கு நாலு. மூன்றாவது பலகைக்குள் கண் சிவந்து, சட்டை மேலெல்லாம் மூக்கு ஒழுக உள்ளே வந்து, இந்தக் காத்து சரியில்லை என்றார். பதினோரு வருஷத்தில் கண்டுபிடிக்க முடியாததை மூன்று பலகையில் கண்டுபிடித்துவிட்டார்.

அந்த மாதமே இன்னொன்றும் கண்டுபிடித்தார். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுச் சீயக்காய் தேய்த்தால், குளிர்ந்த தண்ணீரிலேயே கிரீஸ் போய்விடுமாம். வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். இதையே கல்யாணத்தன்று கண்டுபிடித்திருந்தால் என் நெஞ்சில் பாதியாவது மிஞ்சியிருக்கும்.