தங்கைக்கு வேலை போன மழைக்காலம்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்த என் தங்கை, ஒரு மழை நாளில் இரண்டு பைகளோடு கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினாள். அதன் எதிரில்தான் என் டீக்கடை. நேராக உள்ளே வந்து பைகளை இறக்கி வைத்துவிட்டு, "கம்பெனியில வரவேண்டாம்னுட்டாங்கண்ணா" என்றாள்.

அமெரிக்கா நம் துணிகளுக்கு வரியை ஏற்றியதில் ஆர்டர் நின்றுபோயிருந்தது. மறுபடி ஆர்டர் வந்தால் கூப்பிடுவதாகச் சொல்லி, அவளோடு தைத்த பெண்கள் எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் தேயிலை எஸ்டேட் வேலையை விட்டு வெளியே சம்பாதிக்கப் போன முதல் பெண் அவள். அம்மாவுக்கு அதில் அத்தனை பெருமை. அதனாலோ என்னவோ, விசாரித்தவர்களிடமெல்லாம் "லீவுல வந்திருக்கா" என்றே அம்மா சொல்லிவந்தார். தங்கை மறுத்துப் பேசவில்லை. வீட்டில் சும்மா இருக்க முடியாமல், மறுநாளே கடைக்கு வந்து வடை சுட ஆரம்பித்துவிட்டாள்.

என் கடைக்குக் காலையில் தவறாமல் வருகிறவர்கள் இருவர். ஒருவர் சின்னத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர். இன்னொருவர் பக்கத்தில் செல்போன் கடை நடத்துபவர். இருவரும் வேறு வேறு கட்சி. ஒருநாள் வழக்கம்போல் செய்தித்தாளை நடுவில் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வேலையில்லாதவங்க குறைஞ்சுட்டுத்தான் வர்றாங்கன்னு டிவியிலயே சொல்றாங்க. வரியால ஒண்ணும் ஆகலைங்க" என்றார் தோட்டக்காரர்.

"அது உங்க டிவி சொல்றது. லட்சக்கணக்குல வேலை போயிருக்குன்னு எங்க தலைவர் சொல்றாரு."

"லட்சமெல்லாம் வேண்டாமுங்க. நம்ம ஊர்ல ஒருத்தனைக் காட்டுங்க பாக்கலாம்."

வடைத் தட்டை வைத்துக்கொண்டிருந்த தங்கை, "எனக்குப் போச்சுங்க" என்றாள்.

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"லீவுன்னுல்ல உங்கம்மா சொன்னாங்க, கண்ணு?" என்றார் பெரியவர்.

"அம்மா அப்படித்தாங்க சொல்லுது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, இப்ப அண்ணன் கடையில வேலை செய்யறயல்ல? சர்க்கார் கணக்குப்படி பாத்தா நீ வேலையில இருக்கற ஆளுதான்." கிண்டலாகச் சொல்லவில்லை. அப்படித்தான் அவர் எங்கோ கேட்டிருந்தார்.

"சம்பளம் வாங்கறயாம்மா?" என்றார் செல்போன் கடைக்காரர்.

தங்கை என் பக்கம் பார்த்தாள். "எங்கண்ணன் சோறு போடுதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. பாலைக் கிண்டுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

மார்க்கெட் பக்கம் நடக்கவிருந்த தங்கள் கட்சிக் கூட்டத்தில் வந்து பேசும்படி செல்போன் கடைக்காரர் அவளைக் கேட்டார்.

"பேசினா வேலை கிடைக்குமாங்க?"

"கிடைக்காதும்மா. நாலு பேருக்குத் தெரியும், அவ்வளவுதான்."

அவர் பொய் சொல்லாதது அவளுக்குப் பிடித்திருந்தது. அம்மாவோ, இது வெளியே தெரிந்தால் யார் பெண் கேட்டு வருவார்கள் என்று அழுதார்.

"நான் திருடிட்டா வந்தேன்? வேலை போச்சு, அதைச் சொல்றேன்" என்று கிளம்பினாள்.

கடையை மூடிவிட்டு நானும் குடையோடு போய் நின்றேன். அவள் மைக்கைப் பிடித்தாள். "காலையில போனோம். மிஷினையெல்லாம் மூடி வச்சிருந்தாங்க. எனக்குப் பக்கத்து மிஷின்ல மாசமா இருக்கற ஒரு புள்ள. அது அப்படியே தரையில உக்காந்துருச்சு. இப்ப போன் பண்ணினா எடுக்க மாட்டேங்குது." மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டாள். அடுத்துப் பேசியவர் அவளைச் சுட்டிக்காட்டியே வெகுநேரம் முழங்கினார். கைதட்டல் ஓயவில்லை.

திரும்பி நடக்கும்போது, "அந்தப் புள்ளயைப் பத்தி ஒருத்தரும் கேக்கலையேண்ணா" என்றாள்.

தங்கை மற்றக் கட்சி மேடையில் பேசியதால், மறுநாள் தோட்டக்காரர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். பேப்பரைத் தொடவில்லை. அவள் பேசியது அவர் காதுக்கும் போயிருந்தது. "அந்த மாசமா இருக்கற புள்ள எந்த ஊரு, கண்ணு?" என்றார்.

"தர்மபுரிப் பக்கமுங்க."

"ஆளுங்க இருக்காங்களா பாத்துக்க?"

"மாமியார் மட்டுந்தானுங்க."

டீயைக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். பிறகு, ஊட்டியில் பள்ளிச் சீருடை தைக்கும் தெரிந்தவர் ஒருவர் ஆள் தேடுவதாகவும், தங்கைக்காகத் தான் பேசிப் பார்ப்பதாகவும் சொன்னார்.

"அப்ப வேலை போனது நெசம்னு ஒத்துக்கறீங்க?" என்று சிரித்தார் செல்போன் கடைக்காரர்.

"அது வேற, இது வேறங்க" என்றார் பெரியவர், சிரிக்காமல்.

அந்த வேலை கிடைத்தது. திருப்பூரில் வாங்கியதைவிடச் சம்பளம் குறைவு. பஸ்ஸுக்கே கொஞ்சம் போய்விடும். ஆனாலும் மாலையில் வீடு திரும்பும்போது அவள் நடையில் பழைய வேகம் வந்திருந்தது.

தை பிறந்த பிறகு கம்பெனியிலிருந்து போன் வந்தது. கொஞ்சம் ஆர்டர் வந்திருப்பதால் பாதிப் பேரை மட்டும் எடுக்கிறார்களாம். அதில் அவளும் உண்டு. அம்மா அப்போதே பையை எடுத்து வைத்தார்.

தங்கை சாப்பிட்டுக்கொண்டே, "போனப்புறம் மறுபடி வரி ஏத்தினா?" என்று என்னைக் கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

"அப்ப நான் ஊட்டிக்கே போறேன்" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொண்டாள்.