உள்ளே அணைந்ததா என்று கேட்ட கோமதி டீச்சர்

சாரல் விழுந்துகொண்டிருந்த காலை. இலத்தூரில் என் வீட்டு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது கோமதி டீச்சரின் மகன் செந்தில் போன் செய்தான். "அத்தை, அம்மா போயிட்டா" என்றான். நான் பதில் சொல்வதற்குள், "ஆக்சிஜன் மிஷின் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அணைச்சிரவா?" என்று கேட்டான். அணைக்கச் சொன்னேன். அந்த இரைச்சல் நின்றது போனிலேயே கேட்டது. கோமதி டீச்சர் இனி இல்லை என்பதை நான் நம்பியது அப்போதுதான்.

தென்காசியில் எங்கள் பெண்கள் பள்ளியில் அவரிடம் கணக்குப் படித்த பலர் இதை வாசிப்பீர்கள். வெகுகாலம் அவரை வந்து பார்க்க விடவில்லையே என்று சிலர் என்னிடம் கோபித்துக்கொண்டீர்கள். அந்தக் கதவு ஏன் மூடியிருந்தது, எப்படித் திறந்தது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அவருக்கு வந்தது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். புகைபிடிப்பவர்களுக்கு வருவது என்று அதே பள்ளியில் உயிரியல் வகுப்பில் நான் நடத்திய நோய். டீச்சர் பீடியைத் தொட்டதில்லை. ஆனால் வடகரையில் அவர் வாழ்க்கைப்பட்ட வீட்டில் நெல் அவித்து விற்கும் தொழில். விடியும் முன்பே உமி அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிவிட்டு, குளித்துப் பள்ளிக்கு வருவார். தலைமுடியில் புகைவாசம் போகாது. நோயின் பெயர் தெரிந்த அன்று நான் அவரைக் கேலி செய்தேன்.

"ஏக்கா, யாருக்கும் தெரியாம எப்ப பீடி குடிச்ச?"

"பத்தாங்கிளாஸ் பேப்பர் திருத்தும்போது. உன் பையில இருந்துதான்ட்டி எடுத்தேன்."

மூச்சை இழுக்க முடியாமல்தான் தவிக்கிறார் என்று எல்லோரும் நினைத்தோம். ஒருநாள் அவரே திருத்தினார். "இழுத்துருதேன். விடத்தான் முடியல. சீசன்ல குற்றாலம் பஸ்ஸப் பாத்திருக்கேல்லா? ஏறுதவன் ஏறிக்கிட்டே இருக்கான், ஒருத்தனும் எறங்கல. புதுசா வாரவன் எங்க நிக்க?"

உயிரியல் நடத்திய எனக்கு உதாரணம் சொல்வதே பிழைப்பு. ஆனாலும் இவ்வளவு பொருத்தமான ஒன்று என் வகுப்பில் வாய்த்ததில்லை. நல்ல நுரையீரலில் ரப்பரைப் போன்ற நார் உண்டு. இழுத்த மூச்சை அது தானாகச் சுருங்கி வெளியே தள்ளிவிடும். நார் அறுந்துபோனால் உள்ளே போன காற்று உள்ளேயே தங்கிவிடும்.

பிறகு அவருடைய நாட்களும் அப்படியே ஆயின. கூடத்தில் ஆக்சிஜன் மிஷின். மூக்கிலிருந்து போகும் குழாய் ஒரு பக்கம் அடுக்களை நிலைவரை எட்டும், மறுபக்கம் வாசல் கம்பிக் கதவுவரை. தெருவுக்கு எட்டாது. "கன்னுக்குட்டியக் கூட ஒரு நேரம் அவுத்து விடுவாங்க" என்றார் ஒருமுறை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செந்தில் பாசமான பிள்ளை. அம்மாவுக்காகவே வேலையை மாற்றிக்கொண்டு தென்காசிக்கு வந்தவன். ஆனால் அவன் மனதில் ஒரு கணக்கு இருந்தது. உமி அடுப்பை விட்டுப் பல வருடமாயிற்று, ஆகவே நோயும் நின்றிருக்க வேண்டும். அப்படியும் மோசமாகிறது என்றால் அம்மாதான் ஏதோ தப்புப் பண்ணுகிறார். சாரல் காற்றில் நின்றார். மூச்சுப் பயிற்சியை விட்டார். வந்தவர்களோடு ஓயாமல் பேசினார். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஜன்னல்கள் மூடின, வருகிறவர்களும் நின்றார்கள். என்னை மட்டும் உள்ளே விட்டான். அதற்கும், "அத்தை, அம்மாவப் பேச விடாதிய" என்று ஒரு நிபந்தனை.

டீச்சர் எதிர்த்து எதுவும் சொல்லவில்லை. தன் தப்புதானோ என்று அவரே நம்பத் தொடங்கியிருந்தார். மூடிய ஜன்னலைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் திருநெல்வேலியிலிருந்து ஒரு பெண் மருத்துவர் வந்தார். இந்த நோய் உள்ளவர்களின் இரத்தத்தை ஓர் ஆராய்ச்சிக்காகச் சேகரித்துக்கொண்டிருந்தார். நுரையீரல் நாரில் எலாஸ்டின் என்ற பொருள் இருக்கிறது. அது உடையும்போது துண்டுகள் இரத்தத்தில் கலக்கும். அவற்றை அளந்து பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

நான் உடனே என் தொழிலைத் தொடங்கினேன். "சிற்றாத்துல ஓட்டுத் துண்டு மிதந்து வந்தா, மேல எங்கயோ வீடு இடியுதுன்னு தெரியும்லாக்கா?"

"ஓடு எங்கட்டி மிதக்கும்?"

"சரி, உருண்டு வந்தா."

"எந்த வீடுன்னு தெரியுமா?"

"தெரியாது."

"இப்ப இடியுததா, போன வருசம் இடிஞ்சதா?"

"அந்தத் துண்டு உடம்புல ரொம்ப நாள் தங்காது. இப்ப வந்தா இப்ப இடியுததுதான்."

"அப்பம் அது போதும்." மருத்துவர் பக்கம் திரும்பினார். "அடுப்ப அணைச்சாச்சு டாக்டரம்மா. உள்ள அணைஞ்சுதா இல்லியா? அத மட்டும் எனக்குச் சொல்லணும்."

ஆராய்ச்சி முடிவைத் தனி ஆளுக்குச் சொல்லும் வழக்கமில்லை, ஒருவருடைய அளவை மட்டும் வைத்து மருந்தையும் மாற்ற முடியாது என்று மருத்துவர் விளக்கினார்.

"மருந்துக்காகக் கேக்கல."

"வேற எதுக்கும்மா?"

டீச்சர் செந்திலை ஒருமுறை பார்த்தார். ஊசிக்குக் கையை நீட்டினார்.

சில மாதங்கள் கழித்து, மேலே அனுமதி வாங்கிக்கொண்டு அந்த மருத்துவர் வந்தார். இப்படி வந்து சொல்ல அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. "உங்க வயசுல இந்த நோய் இல்லாதவங்களுக்கு இருக்கிறதைவிட உங்க ரத்தத்துல அந்தத் துண்டுங்க அதிகமாத்தான் இருக்கும்மா. ரத்தக்குழாய்லயும் தோல்லயும் இதே பொருள் உண்டு. அதனால எல்லாமே நுரையீரல்ல இருந்து வந்ததுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா உங்க ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்தா, இன்னும் உடைஞ்சுக்கிட்டுத்தான் இருக்குன்னு நினைக்கிறேன்."

"அதான் புகையே இல்லியே" என்றான் செந்தில்.

"புகை நின்னா வேகம் குறையும். சிலருக்கு உள்ள ஆரம்பிச்சது அதோட நிக்கிறதில்ல."

"அம்மா பயிற்சி செய்யாம விட்டதால..."

"பயிற்சி செஞ்சா மூச்சு விட லேசா இருக்கும். விட்டதால நார் உடையாது."

"பேசுததால?"

மருத்துவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "பேசினா களைப்பு வரும். அவ்வளவுதான்."

கேட்டது நல்ல செய்தி இல்லை. டீச்சர் மகனிடம், "கேட்டியாலே?" என்றார். அவன் எழுந்து அடுக்களைக்குள் போனான். தண்ணீர்க் குழாய் வெகுநேரம் திறந்தே ஓடியது.

அதற்குப் பிறகுதான் உங்களில் சிலருக்கு செந்திலே போன் செய்தான். வந்தவர்கள் டீச்சரோடு பேசினீர்கள், திட்டும் வாங்கினீர்கள். சற்று நேரத்தில் அவர் களைத்துக் கையைக் காட்டிவிடுவார். ஜன்னலைத் திறந்துவைத்த முதல் நாளே இருமல் தாங்காமல், "மூடுலே, நீ சொன்னதுல இது ஒண்ணு சரிதான்" என்றார். குழாய் நீளவில்லை. மிஷின் ஓய்வெடுக்கவில்லை. இருந்த இடத்திலேயேதான் இருந்தார்.

ஒருநாள் கேட்டேன். "இத்தனையும் தெரிஞ்சு என்னக்கா பிரயோசனம்? உள்ளதானே கெடக்க?"

"கெடக்குதேன். குத்தவாளியாக் கெடக்க வேண்டாம்லா."

இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு மருத்துவர் மறுபடியும் இரத்தம் எடுக்க வந்தார். இந்த முறை டீச்சர் எதுவும் கேட்கவில்லை. ஏன் என்றேன். "எனக்கு வேண்டியது கெடைச்சாச்சு. இது வேற எவளுக்கோ." அந்த இரத்தம் இன்னும் திருநெல்வேலியில் உறைகுளிரில் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று மருத்துவர் கேட்டபோது, "இருக்கட்டும். அம்மா குடுத்ததுலா" என்றான் செந்தில்.

என் தெருவிலும் அடுப்புப் புகையில் இந்த நோயை வாங்கிக்கொண்ட ஒரு பெண் இருக்கிறார். சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று வீட்டில் தினமும் ஏச்சு. போன வாரம் அவரைப் பார்க்கப் போனேன். பஸ், ஓட்டுத் துண்டு, ரப்பர் நார் என்று சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, அவருடைய வீட்டார் காதில் விழும்படி, "இது உங்க தப்பு இல்லம்மா" என்றேன். எதை முதலில் சொல்ல வேண்டும் என்ற இந்த ஒன்றுதான் கோமதி டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது.