கெங்கம்மாள் வயலுக்குச் சொன்ன முப்பது மூட்டை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அடைக்கலசாமி. ஆனால் நிற்கிற நெல்லைப் பார்த்து ஏக்கருக்கு எத்தனை மூட்டை காணும் என்று அவர் சொன்னால், ஆரணி அரிசி ஆலைக்காரர்கள் அந்தக் கணக்குக்குத்தான் லாரி அனுப்புவார்கள். நாற்பது வருஷத்தில் ஒரு மூட்டை கூடியிருக்கும், ஒன்று குறைந்திருக்கும். அதற்கு மேல் பிசகியதில்லை. கூலிக்குக் களை பறித்தவர் சொந்தமாய் மூன்று ஏக்கர் வாங்கியது அந்தக் கண்ணை வைத்துத்தான். இதை அவரே எல்லாரிடமும் சொல்வார். சொன்னால் என்ன, உண்மைதானே.

வயலுக்குள் நாலு இடத்தில் இறங்கி, கதிரை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்த பிறகுதான் வாய் திறப்பார்.

போன கார்த்திகையில் சம்பா பூத்து நின்ற நேரம் பார்த்து, புயல் மழை ஒன்பது நாள் பிடித்துக்கொண்டது. மழை விட்டு இரண்டு வாரம் கழித்து, நிவாரணப் பணத்துக்குச் சேதக் கணக்கெடுக்கக் கிராம உதவியாளர் தென்னரசு வந்தான். கெங்கம்மாள் புருஷனை இழந்தவள். ஒரு ஏக்கர் நிலம், இரண்டு பெண்கள். தன் வயலைப் பார்த்துச் சொல்ல அடைக்கலசாமியை அவள்தான் கையோடு கூட்டி வந்திருந்தாள்.

"பூவுல மழை வுழுந்தா பதராப் பூடும்னு ஆபீஸ்ல சொல்றாங்க பெரியவரே. சேதம்னு எழுதிக்கட்டுமா?"

"உங்க ஆபீசு கம்ப்யூட்டரைப் பாத்துகினு சொல்லுது. நான் சேத்துல நின்னு கத்துகினவன்."

வயலுக்குள் முழங்கால் சேறு. அவரோ திருமலைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி, சலவை வேட்டியில் இருந்தார். இறங்கவில்லை. வரப்போரக் கதிர் நாலை உருவித் தேய்த்தார். மணியில் பால் கெட்டிப்பட்டிருந்தது. ஓரத்துப் பயிருக்கு வெயிலும் காற்றும் கூடுதல். மழைக்கு முன்பே பூத்து முடிந்திருக்கும். அவருக்குத் தெரியாத சங்கதியா அது?

"முப்பது மூட்டை. இதைப் போய் சேதம்னு எழுதுவியா?"

தென்னரசு கெங்கம்மாளைப் பார்த்தான். "அண்ணா சொன்னா சரிதான்" என்றாள். சேதமில்லை என்று எழுதிக்கொண்டு போனான்.

தையில் அறுவடை வண்டி இறங்கியது. வரப்போரம் சுற்றியவரை நெல் கொட்டியது. உள்ளே போகப் போகப் பதர்தான் பறந்தது. மொத்தம் பதினொரு மூட்டை.

"இன்னா பெரியவரே, மிச்சம் பத்தொம்பதும் வெக்கப்பட்டுகினு எங்கனா ஒளிஞ்சிகினு கீதா?" என்றான் வண்டி ஓட்டிய சார்லி.

மறுநாள் கெங்கம்மாளைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார். "தப்பு என்னுது. இவங்க பேரைச் சேத்துக்கங்க" என்றார். வாழ்நாளில் யாரிடமும் சொல்லாத வார்த்தை. பட்டியல் போய் ஒரு மாசம் ஆகிவிட்டது என்றார்கள்.

பஸ் நிலையத்தில் நிற்கும்போது சொன்னார்: "நான் உள்ள எறங்கலம்மா. வேட்டி அழுக்காயிடும்னு நின்னுட்டேன்."

"தெரியும்ணா. நானும் அங்கதானே நின்னேன்."

"அப்பவே கேக்கறதுதானே?"

"உங்களைப் போய் எப்பிடிண்ணா கேக்கறது?" அவள் குரலில் கோபமே இல்லை. "பெரியவளைக் காலேஜுல இருந்து நிறுத்திட்டேன். திங்கக்கெழமையில இருந்து ஜவுளிக் கடைக்குப் போறா."

வந்தவாசி பஸ் வந்தது. அவள் ஏறினாள். அவருக்கும் அதே பஸ்தான். கூட ஏறி உட்கார அவருக்குக் கால் வரவில்லை.