எண்ணூர் சாலையில் நின்ற வண்டி

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். செலவு விஷயத்தில் ரொம்பக் கெட்டி. செருப்பு அறுந்தால் மூன்று முறை தைத்துப் போட்ட பிறகுதான் புதுச் செருப்பைப் பற்றி யோசிப்பார். அப்படிப்பட்டவர் வருஷா வருஷம் பைக்குக்கு இன்சூரன்ஸ் கட்டும்போது, வழியில் வண்டி நின்றுபோனால் ஆள் அனுப்பித் தூக்கிக்கொண்டு போகிற திட்டத்துக்கும் தனியாகப் பணம் கட்டிவிட்டு வருவார். வீட்டில் எல்லோருக்கும் அது ஒரு வேடிக்கை.

அம்மாவின் தம்பி, என் மாமா, அதை வைத்தே நைனாவைப் போட்டு வாட்டுவார். "இன்னா மாமு நீ! நம்ம ஏரியால வண்டி நின்னா தெருவுக்கு நாலு தோஸ்து கீறான். காலை வெச்சா வூடு வந்துடும். இதுக்குப் போயி எவனுக்கோ துட்டு அழுதுட்டு வர்றியே?"

காலை வைப்பது என்று மாமா சொன்னதை எங்கள் பக்கம் 'டோ' பண்ணுவது என்பார்கள். நின்றுபோன வண்டியில் ஒருவர் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்வார். பின்னால் இன்னொரு வண்டியில் வருகிறவர், முன்வண்டியின் பின்பக்கத்துக் கால்மிதியில் தன் ஒரு காலை ஊன்றி, தன் வண்டி போகிற வேகத்திலேயே அதையும் தள்ளிக்கொண்டு போவார். முன்பின் தெரியாதவர்கள்கூடச் செய்வார்கள், காசு நீட்டினால் கோபித்துக்கொள்வார்கள். வடசென்னையில் பாதி வண்டிகள் மெக்கானிக் கடைக்கு இப்படித்தான் போய்ச் சேரும். மாமா கிண்டல் பண்ணும்போதெல்லாம் நைனா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் நான்காவது படித்துக்கொண்டிருந்தபோது, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் காத்திவாக்கத்து அத்தை வீட்டுக்குக் கூழ் குடிக்கப் போனோம். அத்தை எங்களுக்குச் சொந்தம் இல்லை. நைனாவின் தோஸ்து ஒருவர் ரொம்ப நாள் முன்பே செத்துப்போயிருந்தார், அவருடைய மனைவி. தம்பிக்குக் காய்ச்சல் என்று அம்மா வீட்டிலேயே தங்கிவிட, நைனாவும் நானும் மட்டும் கிளம்பினோம். கம்பெனியில் வேலை முடிந்து அவர் வந்து சேரவே வெயில் சாய்ந்துவிட்டது.

திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் சாலையில் கொஞ்ச தூரம் போனதும் வண்டி இருமியது. பிறகு ஒரு குலுக்கு குலுக்கி நின்றுபோனது. ஆண்கள் அந்த நேரத்தில் செய்கிற எல்லாவற்றையும் நைனா செய்தார். டேங்கைத் திறந்து, வண்டியை ஆட்டிக் காது கொடுத்துக் கேட்டார். பிளக்கைக் கழற்றி ஊதினார், வேட்டி முனையால் துடைத்தார். கால் வலிக்கிறவரை கிக்கரை உதைத்தார். வண்டி அசையவில்லை.

அந்த இடம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. எதிர்ப்பக்கம், கடலை மறைத்துக்கொண்டு, துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் டிரெய்லர்கள் வரிசைகட்டி நின்றன. எங்கள் பக்கம் ஏதோ கம்பெனியின் நீளமான மதில் சுவர். ஒரு டீக்கடை கிடையாது, ஒரு வீடு கிடையாது. சுவருக்கும் ரோட்டுக்கும் நடுவே கொஞ்சம் மண். கன்டெய்னரை இறக்கிவிட்டு வெறுமனே திரும்புகிற டிரெய்லர்கள் அந்த மண்ணை ஒட்டித்தான் பறந்தன. சங்கிலிகள் தடதடவென்று அடித்துக்கொள்ளும். ஒவ்வொன்று கடக்கும்போதும் காற்று என்னை முதலில் பின்னால் தள்ளி, அப்புறம் அதன் சக்கரத்தைப் பார்த்து இழுத்தது. ஒன்று போய் மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்துவிடும். நான் இயல்பாகவே பயந்தாங்கொள்ளி.

நைனா பர்ஸிலிருந்து அந்தத் திட்டத்தின் கார்டை எடுத்து, அதிலிருந்த நம்பருக்கு போன் போட்டார். சத்தத்தில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் வைத்தார். எங்கிருந்தோ ஒரு பெண் பேசினாள். வண்டி நம்பரைக்கூட அவள் முதலில் கேட்கவில்லை. "சார், நீங்க பாதுகாப்பான இடத்துல நிக்கிறீங்களா? கூட யாராவது இருக்காங்களா?" என்றாள்.

நைனா என்னைப் பார்த்தார். "என் பொண்ணு கீறாம்மா. சின்னப் புள்ள" என்றார்.

வண்டியை அப்படியே விட்டுவிட்டுக் குழந்தையோடு தள்ளிப்போய் நிற்கச் சொன்னாள். பக்கத்தில் அடையாளம் என்ன இருக்கிறது என்று கேட்டாள். "ஒரு செவுரு கீதும்மா" என்றார் நைனா. எதிரில்? "லாரி கீதும்மா." பாவம், அதை வைத்துக்கொண்டு அந்தப் பெண் எப்படி இடத்தைக் கண்டுபிடித்தாளோ. ஆள் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நைனா என்னைச் சுவரோரமாகக் கூட்டிக்கொண்டு போனார். மழைத்தண்ணீர் ஓடுகிற கால்வாயின் மேல் சிமெண்ட் மேடை ஒன்று இருந்தது. அதில் என்னை ஏற்றிவிட்டு எனக்கும் ரோட்டுக்கும் நடுவில் தான் நின்றுகொண்டார்.

ஒரு பைக்கில் வந்த வாலிபப் பையன்கள் இரண்டு பேர் எங்களைப் பார்த்து நிறுத்தினார்கள். "இன்னா நைனா, வண்டி மக்கர் பண்ணுதா? ஏறிக் குந்து, டோ பண்ணி உட்டுடறோம்" என்றான் ஓட்டி வந்தவன். எனக்கு உயிரே திரும்பி வந்தது. நைனா கையெடுத்துக் கும்பிட்டு, "வேணாம் தம்பி, ஆளு வந்துகினு கீறாங்க" என்று அனுப்பிவிட்டார். என்னால் நம்பவே முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் காலி மீன் கூடை கட்டிய மொபெட்டில் ஒரு பெரியவர் வந்தார். அவரும் காலை வைக்கத் தயாராக இருந்தார். நைனா மறுபடியும் வேண்டாம் என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பொட்டப் புள்ளைய வெச்சிகினு இந்த எடத்துல நின்னுகினு கீறியே, அறிவு கீதா உனக்கு? இருட்டிகினு வருது!"

நைனா தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர் திட்டிக்கொண்டே போனார். இருட்டத்தான் செய்தது. கட்டிய பணம் வீணாகக் கூடாது என்பதற்காக நைனா எங்கள் இரண்டு பேரையும் சாகக் கொடுக்கப் போகிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. "காலை வெச்சா வூடு வந்துடும்னு மாமா சொல்லிச்சே, நீ ஏன் நைனா வேணாங்கற?" என்று கத்தினேன். நைனா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியை இன்னும் இறுக்கினார். கை வலித்தது. அவருடைய கை ஜில்லென்று இருந்தது.

அடுத்து வந்த டிரெய்லர் எதற்கோ ஒதுங்கி மண்ணில் இறங்கியது. விளக்கு வெளிச்சம் என் முகத்தில் அடித்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். படாரென்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது டிரெய்லர் போயே போய்விட்டது. எங்கள் வண்டி ஹேண்டில்பார் திரும்பிக்கொண்டு பக்கவாட்டில் விழுந்து கிடந்தது, கண்ணாடி ரோட்டில் சிதறியிருந்தது. போனில் அந்தப் பெண் தள்ளிப்போகச் சொல்லும்வரை நான் அந்த வண்டியின் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நைனா அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல் ஒரு மாதிரி முனகினார். டிரெய்லரைப் பார்த்துப் பயந்ததைவிட நைனாவைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயந்தேன். நைனாவுக்கே பயம் வந்துவிட்டால் அப்புறம் யாரிடம் போய் ஒட்டிக்கொள்வது? அன்றைய சாயங்காலத்தில் இப்போதும் என்னைத் தூக்கத்தில் எழுப்புவது அந்த முனகல்தான்.

என் கல்யாணத்துக்குப் பிறகுதான் அம்மா எனக்கு அதன் காரணத்தைச் சொன்னாள். நான் தூளியில் கிடந்த காலத்தில், அதே சாலையில், அத்தையின் புருஷனான அந்தத் தோஸ்துவின் வண்டி நின்றுபோயிருக்கிறது. நைனாதான் பின்னாலிருந்து காலை வைத்துத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். சிரித்துப் பேசிக்கொண்டே போயிருக்கிறார்கள். டிரெய்லர் ஒன்று ஒட்டி வந்ததும் நைனா பதறிக் காலை எடுத்துவிட்டார். வேகம் அறுந்த முன்வண்டி தடுமாறி, சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. யாரும் நைனாவைக் குற்றம் சொல்லவில்லை, அத்தைகூட ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அடுத்த முறை இன்சூரன்ஸ் கட்டப் போனபோதுதான் அந்தத் திட்டத்துக்கும் சேர்த்துக் கட்டிவிட்டு வந்திருக்கிறார். மாமாவுக்கு இதெல்லாம் தெரியாது.

அன்றைக்கு ஒருவழியாக மஞ்சள் விளக்கு சுழல ஒரு சின்ன லோடு வண்டி வந்தது. வந்த ஆள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இங்கே வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி, பைக்கை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார். எங்களைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக் காத்திவாக்கத்தில் அத்தை வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார்.

அம்மன் கோயில் ரேடியோ செட் அலறிக்கொண்டிருந்தது. லோடு வண்டியையும் அதன் மேல் உடைந்து நின்ற எங்கள் பைக்கையும் பார்க்கத் தெருப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அத்தை கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். பைக்கைப் பார்த்தாள். முகமெல்லாம் வெளுத்துப்போனது.

"யாருனா டோ பண்ணாங்களாண்ணா?" என்று கேட்டாள்.

"இல்ல தங்கச்சி. யாரையும் காலு வெக்க உடல" என்றார் நைனா.

அத்தை வாசலிலேயே குந்திவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நைனா அவள் பக்கத்திலேயே நின்றார். எனக்கு அத்தையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எங்கள் வண்டி வீணாய்ப்போனதற்கு இவள் இத்தனை அழுகிறாளே என்று போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"அழாத அத்தை. நைனா துட்டு கட்டி வெச்சிகீது. வண்டிய அவுங்களே ரெடி பண்ணி குடுத்துடுவாங்க" என்றேன்.

அத்தை என்னை இறுக்கிக்கொண்டாள். நைனாவை நிமிர்ந்து பார்த்தாள். அழுகை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், நைனாவுக்கு முதலில் கூழ் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல வேளை, விஷயம் தெரிந்த நான் கூட இருந்தேன் என்று நினைத்துக்கொண்டு, எனக்கும் ஒரு சொம்பு வாங்கிக் குடித்தேன்.