எந்தக் குடும்பத்துச் சாரம்

இன்று காலை மல்வேர்னில் எங்கள் கட்டடத்து லோன்ட்ரி அறையில் என் கணவர் உடுத்த லுங்கிச் சாரங்களைத் தோய்த்தேன்.

அவர் செத்து மூன்று மாதம். தோய்த்து யாருக்காவது கொடுக்கச் சொல்லி மகள் பெரிய பை ஒன்று வைத்துவிட்டுப் போயிருந்தாள். அழுகை வரவில்லை. மடித்துக்கொண்டே இருந்தேன்.

ஐந்தாம் மாடியில் ஒரு ஸ்கொட்லாந்துக் கிழவி இருக்கிறா. பச்சையும் கருநீலமும் கட்டம் போட்ட சாரத்தை எடுத்துப் பார்த்து, இது எந்தக் குடும்பத்தின் துணி என்று கேட்டா.

அவவின் ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கட்டமாம். அவவின் ஆட்களுக்கும் இதே பச்சை, இதே நீலம், மேலே ஒரு மஞ்சள் கோடு. எங்கள் சாரத்தில் இரண்டு மஞ்சள் கோடு இருப்பதால் நாங்கள் வேறு கிளையாம். ஆனாலும் சொந்தமாம்.

மூன்று எடுத்தால் மலிவு என்று வாங்கிய சாரம் என்று சொல்ல எனக்கு இங்கிலீசு காணாது. “மை ஹஸ்பண்ட்” என்று மட்டும் சொன்னேன். “நோ மோர்.”

கிழவி சாரத்தை மேசையில் விரித்தா. கோட்டோடு கோடு பொருந்த மடித்து என் கையில் தந்தா.

பின்னேரம் மகள் போன் எடுத்தாள்.

“எல்லாம் பைக்குள்ள போட்டிட்டீங்களோ அம்மா?”

“ஒண்டைத் தவிர.”

“ஏன் அது மட்டும்?”

“அது எங்கட குடும்பத்துத் துணியாம் பிள்ளை.”

“ஆர் சொன்னது?”

“அஞ்சாம் மாடி வெள்ளைக்காரி.”

அவள், “சாப்பிட்டீங்களோ?” என்றாள்.

இதை வாசிக்கிறவர்களே, உங்கள் வீட்டில் என்ன நிறச் சாரம், எத்தனை கோடு என்று எழுதுங்கள். எங்கள் கிளையில் இனி உடுக்க ஆளில்லை.