கழுவாத தட்டு

எங்கள் ஆய்வுகூடக் கண்காட்சி முடிந்த மறுவாரம், அரியாலையிலிருந்து ஒருவர் தம் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடல்நீரேரியில் மீன் பிடிப்பவர். பிள்ளைக்குத் தலசீமியா, மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டும். அந்த மாதம் ஏற்றவில்லை. பிள்ளையின் உதடுகள் வெளிறியிருந்தன.

"புது மருந்து வந்திட்டுது எண்டால் பிறகேன் பிள்ளையைக் குத்துவான், தங்கச்சி? கண்காட்சியிலை உந்தப் படத்தைப் பாத்தனான். பச்சையா மினுங்குது."

சுவரிலிருந்த படம் எங்களுடையதுதான். ஆனால் அது மருந்தன்று. நேர் மின்னேற்றமுள்ள பொலிமர் ஒன்றைத் தயாரித்து, அதில் ஒரு மரபணுவைப் பொதிந்து, உயிர்க்கலத்தினுள் அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே சென்ற மரபணு வேலை செய்தால் கலம் பச்சையாக ஒளிரும். மரபணுவைப் பற்றிக்கொள்ளும் அதே நேரேற்றம் கலத்தின் மென்சவ்வைச் சிதைக்கவும் கூடும். இறந்த கலங்கள், அவற்றை வளர்க்கும் தட்டின் அடியைவிட்டு மிதக்கும். படமெடுக்குமுன் அவற்றை உப்புக் கரைசலால் கழுவி அகற்றுவது வழக்கம். படத்தில் எஞ்சுபவை பிழைத்தவை மட்டுமே. துறைக்குள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி என்பதால், படத்தின் கீழ் எவரும் அதை எழுதுவதில்லை.

இவற்றை எளிமையாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை.

"விளங்குது. முதல்லை பெரிய ஆக்களின்ரை பிள்ளையளுக்குத்தான் குடுப்பியள்."

முதல்நாள் பொலிமர் இட்ட தட்டொன்று கழுவப்படாமல் இருந்தது. அதை நுணுக்குக்காட்டியில் வைத்து அவரைப் பார்க்கச் சொன்னேன்.

"பச்சை கொஞ்சம் கிடக்கு. உருண்டை உருண்டையா மிதக்கிறது என்ன?"

"செத்த கலங்கள், அண்ணை."

"இவ்வளவுமோ?"

"ஓம்."

"அப்பா, எனக்கும் காட்டுங்கோ," என்று பிள்ளை சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பொறு." அவர் கண்ணை எடுக்கவில்லை. "உதையே உனக்கு ஏத்தச் சொல்லிக் கேட்டனான்?"

என் பக்கம் திரும்பினார். "தவணை பிந்திப்போச்சு. கிளினிக்கிலை நல்லாப் பேசுவினம்."

"பேசட்டும். இப்பவே கொண்டு போங்கோ. நானும் வாறன்."

கிளினிக்கில் தாதி கடிந்து பேசத்தான் செய்தார். அவரை மட்டுமல்ல, அந்தப் படத்தைக் காட்சிக்கு வைத்த என்னையும். பின்னேரம் இரத்தம் ஏறத் தொடங்கியது.

இத்துறைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். எமது முடிவு சரியா என்பதைச் சரிபார்க்கப் பலர் இருக்கிறார்கள். அதை நம்பி வீடு திரும்பும் ஒருவர் எதை நிறுத்திவிடுவார் என்பதை, காட்சிக்கு வைப்பவரே முன்கூட்டி எண்ணிப் பார்க்க வேண்டும்.